பெரியவள் மெஷின்

"உங்க ஓரகத்தி என்ன வேலை பாக்கறாங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவள்மேல் எரிச்சல் இல்லை. பதில் சொல்லத் தெரியாத எரிச்சல். என்னைக் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன்: பல் செய்கிறேன். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நான் லேபில் செய்து அனுப்புவேன், போட்டுக்கொண்டவர் சிரிப்பார். முடிந்தது கதை. அவள் வேலையை அப்படிச் சொல்ல முடியுமா? கொஞ்ச நாள் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "எங்க வீட்டு பிரிண்டர் ஓடலை, கொஞ்சம் வந்து பாப்பாங்களா?" அதையும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

என் கொழுந்தனின் மனைவி அவள். வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாமனார் கூப்பிடுவது அப்படித்தான், மற்றவர்களும் அப்படியே பழகிவிட்டோம். ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. காலையில் என் கதவைத் திறந்தால் அவள் கதவில்தான் முழிக்க வேண்டும். கீழே தெருவைப் பார்த்தாற்போல் என் லேப். என் கத்தரிக்கோலைக் காணோம் என்றால் அவள் வீட்டில் தேட வேண்டும், அவள் செருப்பைக் காணோம் என்றால் என் வீட்டில்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பெட்டியைத் திறந்தபோது துணியைவிட வயர்தான் அதிகம் இருந்தது. "இவ குடித்தனம் பண்ண வந்தாளா, கடை போட வந்தாளா?" என்று என் கணவரிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் என் மெதுவு எதிர்வீடு வரை கேட்கும். மறுநாள் காலையில் வந்து நிற்கிறாள். "அக்கா, கடை போட ஒரு மேஜை கிடைக்குமா?" கொடுத்தேன். வேறென்ன செய்வது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. கொட்டித் தீர்த்துவிட்டால் அடுத்த நிமிஷம் மறந்தும் போகும். அவளுக்குக் கோபமே வராது. நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பேன், அவள் "சரிக்கா, பாக்கலாம்க்கா" என்பாள். "என்னத்தைப் பாக்கறது" என்று நான் இன்னும் ஏறுவேன். சண்டை போடுவதற்குக்கூட ஒத்துழைக்காத ஜன்மம்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவளை லேபில் உட்காரவைத்துக் கேட்டேன். "எனக்குப் புரியற மாதிரி உன் வேலையைச் சொல்லு. இல்லேன்னா இனிமே கேக்கறவங்ககிட்ட எல்லாம் நீ வீட்டுல சும்மாதான் இருக்கேன்னு சொல்லிருவேன்."

அவள் என் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். டாக்டர் அனுப்பிய சீட்டு ஒன்று மாவுத்தூள் படிந்து கிடந்தது. அதை எடுத்தாள். "இதுல என்னக்கா எழுதியிருக்கு?"

"எந்தப் பல், என்ன நிறம், எதுல செய்யணும்னு எழுதியிருக்கு."

"இதுல பல் இருக்கா?"

"சீட்டுல எப்படிடி பல் இருக்கும்?"

"ஆனா இது இல்லாம நீங்க பல் செய்ய முடியாது. அந்த மாதிரிதான். கம்ப்யூட்டருக்குள்ள படம் வரையறதுக்குன்னு ஒரு கார்டு இருக்கு. அதை வரையச் சொல்ற ப்ரோகிராமை வேற யாரோ எங்கேயோ உக்காந்து எழுதறாங்க. எதை என்ன பேர் சொல்லிக் கேக்கணும், கேக்கும்போது என்னென்ன கொடுக்கணும்னு நடுவுல ஒரு சீட்டு வேணும் இல்லையா? அதுக்குப் பேர்தான் ஹெடர் ஃபைல். அதுல ஒரு படமும் இருக்காது. ஆனா அது இல்லாம ஒரு கோடுகூட வராது."

"அதை நீ எழுதறியா?"

"மூலம் ஒண்ணு இருக்கு. அதுலேருந்து சீட்டுங்களை உருவாக்கி, மூணு வகைக் கம்ப்யூட்டர்லயும் சரியான இடத்துல போய் உக்கார்ற மாதிரி கட்டி அனுப்பறேன். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு இடத்துல தேடும். இடம் கொஞ்சம் மாறினாலும் சீட்டே வரலைன்னு கையை விரிச்சிரும்." சொல்லிவிட்டு என் மானிட்டரைக் காட்டினாள். யாரோ ஒருவரின் கீழ்த்தாடை அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "இந்தத் தாடை சுத்துதே, இதுக்கு அடியிலயும் நம்ம சீட்டுதான் இருக்கு."

அடிப்பாவி, இத்தனை நாளாகச் சொல்லவே இல்லையே என்று இருந்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். "சரி சரி, அந்தக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடு" என்று எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சமாச்சாரத்துக்கு எங்கள் வீட்டில் 'தலை' என்று பெயர் வந்துவிட்டது. ஹெடர் என்றால் தலைப்பு என்று மாமனார் சொன்னார், நான் அதையும் பாதியாக்கித் தலை என்றேன். அவள் சாப்பிட வராவிட்டால் "சின்னவளுக்குத் தலைக்கு மேல தலை" என்பேன். அவசரமாகப் படியில் இறங்கினால் "தலை போற வேலையா?" என்பேன். அலுக்காமல் சிரிப்பாள்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அச்சகத்தில் பிழை திருத்துபவராக வாழ்நாள் முழுக்க இருந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மருந்துச் சீட்டு, தண்ணீர் வரி ரசீது, லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு, எது கையில் கிடைத்தாலும் சிவப்புப் பேனாதான். என் லேப் பெயர்ப்பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போயிற்று என்று பெயிண்டரை ஏணி போடவைத்தவர். எனக்கு அது தொல்லை. சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? அவரை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அவள் அனுப்பும் ஒவ்வொரு கட்டுடனும், இதை எப்படி நிறுவுவது என்று ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் போகும். அது மாமா பார்க்காமல் போகாது. காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஆபீஸ் போகிற மாதிரிப் போவார். பகல் அங்கே, சாப்பாடும் தூக்கமும் என் வீட்டில். மனிதருக்கு முகமே மாறிப்போயிற்று. முதலில் தாளில் திருத்தினார், அப்புறம் அவளே கம்ப்யூட்டரில் திருத்தப் பழக்கிவிட்டாள்.

அவள் அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்று வகைக்கும் ஒவ்வொன்று. ஒருநாள் போனால் முதல் மெஷினின் நெற்றியில் 'அத்தை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. எங்கள் மாமியார் தவறிச் சில வருஷம் ஆகிறது. எனக்குச் சுருக்கென்றது.

"இதென்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லக்கா. எல்லார் வீட்டுலயும் இருக்கறது இந்த வகைதான். எழுந்திருக்க நேரமாகும். எதைச் செய்யப் போனாலும் 'நிஜமாத்தான் சொல்றியா, யோசிச்சியா'ன்னு கேக்கும். சரி சரின்னு சொல்லிக்கிட்டே இருந்தா காரியத்தை நடத்திக் கொடுத்துரும்."

அத்தை அச்சு அசலாக அப்படித்தான். கோபமாக நின்றிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த மாமா, "அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் உங்களோட பேசியிருக்க மாட்டா" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாவதில் 'நாத்தனார்' என்று இருந்தது. வெள்ளையாக, மெலிசாக, லட்சணமான மெஷின். "எந்த அலமாரியையும் தொட விடாது. புதுசா எது வந்தாலும் 'நீ யாரு, உன்னை எனக்குத் தெரியாதே'ன்னு வாசல்லயே நிறுத்திரும்" என்றாள். மூன்றாவது கறுப்பாக, கட்டையாக, ஒரு மூலை உடைந்து டேப் போட்டிருந்தது. என் லேபில் இருப்பதும் அந்த வகைதான். பல் அச்சைப் படமெடுக்கிற ஸ்கேனரை எனக்கு விற்றவர் அதைத்தான் போட்டுக் கொடுத்தார். அதன்மேல் சீட்டு இல்லை.

"இதுக்குப் பேர் வெக்கலையா?"

"வெச்சாச்சுக்கா. ஒட்டத்தான் தைரியம் வரலை."

மேலே கேட்டிருப்பேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம் லேபுக்கு வந்து நின்றாள். நான் ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆபீஸ்ல ஒண்ணு சொல்றாங்க."

"சொல்லு."

"மூணாவது வகையை உபயோகப்படுத்தறவங்க கம்மி. அதை நிறுத்திரலாமான்னு பேச்சு. நிறுத்திட்டா மத்த ரெண்டுக்கும் இங்க தனியா ஒரு ஆள் வேண்டாம், தலைமை ஆபீஸ்லயே பாத்துக்கலாங்கறாங்க. என்னையும் அங்க வரச் சொல்றாங்க."

"அங்க வரதுன்னா? போயிட்டு வரதா?"

"இல்லக்கா. குடி போறது."

ராவுகிற சக்கரம் ஒரு அழுத்து கூடுதலாக அழுந்திவிட்டது. பல் போயிற்று, திரும்பச் செய்ய வேண்டியதுதான். அந்த ஆத்திரத்தைப் பல்மேல் காட்டினேன். "உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றேன். என் கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கே தெரியும்.

"லிஃப்ட் இல்லாத ஊரா, எங்க போனாலும் ஏறி இறங்கற பொழப்புதானேன்னு சொல்றார். நான்தான் எங்க டீம் லீடர் அம்மாகிட்ட ஒரு வாய்ப்பு கேட்டேன். புதுக் கட்டு ஒண்ணு தயாரா இருக்கு. அதை வேலை நடக்கற இடம் ஒண்ணுல, மூணாவது வகை மெஷின்ல, அவங்க பாக்கப் பாக்கப் போட்டுக் காட்டறேன், ஓடிச்சுன்னா அந்த வகையை நிறுத்தாதீங்க, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க. வர வெள்ளிக்கிழமை." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க லேப்லன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேக்காம."

"என்னைக் கேட்டா நீ எதைச் செஞ்சிருக்கே?" என்றேன். சரி என்றுதான் அதற்கு அர்த்தம், அவளுக்கும் தெரியும்.

அவள் போன பிறகு வேலை ஓடவில்லை. போனால் போகட்டுமே, எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் கத்தரிக்கோலாவது நிற்கும் இடத்தில் நிற்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. மாமா காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவார்? நான் யாரிடம் கத்துவேன்? அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊரையே விரட்டுகிற வாய் இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க அவள் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மூன்று மெஷினிலும் பழையதை அடியோடு அழிப்பாள், புதிதாகப் போடுவாள், ஒரு முக்கோணம் வரைந்து பார்ப்பாள். முக்கோணம் வந்துவிட்டால் போதும், தலை சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தமாம். "முக்கோணம் வந்துதா?" என்று நான் படியிலிருந்தே கேட்பேன். "வந்துதுக்கா" என்பாள். வியாழக்கிழமை காலையிலும் மூன்றிலும் வந்தது.

அன்று மதியம் மாமா ஆரம்பித்தார். "நாளைக்கு நாலு பேர் பாக்கப் போறாங்க. நான் ஒரு தடவை படிக்க வேண்டாமா? ஒரு பிழை இருந்தா மானம் போயிரும்மா." அவளும் கொடுத்தாள். விளக்கத்தோடு, ஃபைல்களை எல்லாம் அந்தந்த இடத்துக்கு நகல் எடுத்து வைக்கிற சின்ன ப்ரோகிராம் ஒன்றையும் கொடுத்தாள். அது ஓடும்போது திரையில் நாலு வாக்கியம் பேசுமாம். அந்த வாக்கியங்களில் பிழை இருக்கக் கூடாது அல்லவா. மாமா அத்தை மெஷினில் உட்கார்ந்தார். காபி கொண்டுபோனேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம், "நிறைய இல்லை. கையோட திருத்திட்டேன்" என்று எழுந்தார்.

சின்னவள் திருத்தியதோடு சேர்த்து மறுபடி கட்டினாள். அத்தையில் ஓட்டினாள், முக்கோணம் வந்தது. நாத்தனாரில் ஓட்டினாள், வந்தது. மூன்றாவதில்தான் காலையிலேயே ஓட்டியாயிற்றே, நாலு காற்புள்ளி மாறியதற்கு மறுபடி எதற்கு என்று விட்டுவிட்டாள். அனுப்பிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை என் லேபைத் துடைத்து வைத்திருந்தேன். தாடை ப்ரோகிராமை எழுதுகிறவரே நேரில் வந்தார். தாடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். லீடர் அம்மா தலைமை ஆபீஸிலிருந்து திரையில் தெரிந்தார். பழையதை எல்லாம் அழித்தார்கள். சின்னவளின் கட்டைப் போட்டார்கள், போட்டாயிற்று என்று நாலு வாக்கியமும் பிழையில்லாமல் ஓடின. அதன்மேல் தாடைக்காரர் தன் ப்ரோகிராமைக் கட்ட ஆரம்பித்தார். வரி வரியாக ஓடியது, நின்றது. சிவப்பாக ஒரு வரி.

"ஹெடர் ஃபைல் இல்லைன்னு சொல்லுது" என்றார்.

ஒரு ப்ரோகிராம் பல்லை இளிப்பதற்கு என் பல் லேப்தானா கிடைத்தது. திரையில் லீடர் அம்மா பெருமூச்சு விட்டார். "இதுக்குத்தாம்மா சொன்னேன். இந்த மூணாவது வகை எப்பவும் இப்படித்தான், ஏதாவது ஒரு முரண்டு. நான் சாப்பிட்டுட்டு வரேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா பாப்போம்." திரை இருண்டது. தாடைக்காரரும் பக்கத்து ஹோட்டலுக்குக் கிளம்பிவிட்டார்.

சின்னவள் என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து ஓடிச்சுக்கா" என்றாள். சிரிப்பு இல்லை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் எனக்கு ஆகாமல் இருந்த சிரிப்பை அங்கே தேடினேன்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது. "இங்க பாரு. நான் செஞ்ச பல் ஒருத்தர் வாய்ல பொருந்தலைன்னு திரும்பி வந்தா என்ன பண்ணுவேன் தெரியுமா? முதல்ல திட்டுவேன். டாக்டரை, மாவை, அந்த வாயை, எல்லாத்தையும் திட்டுவேன். அப்புறம் சீட்டை எடுத்து முதல்லேருந்து சத்தம் போட்டுப் படிப்பேன். உனக்குத்தான் திட்ட வராதே. நேரா படி."

"சத்தம் போட்டா?"

"சத்தம் போட்டு. எழுத்து எழுத்தா."

படித்தாள். மெஷின் தேடுகிற பெயரை முதலில் படித்தாள். "சின்ன வி, சின்ன ஈ, சின்ன சி..." பிறகு ஃபைல்கள் போய் உட்கார்ந்திருந்த ஃபோல்டரைத் திறந்து அதன் பெயரைப் படித்தாள். "பெரிய வி, சின்ன ஈ..." நின்றுவிட்டாள். "பெரிய வி" என்றாள் மறுபடி.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், முக்காலி ஆடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அத்தையும் நாத்தனாரும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பாக்க மாட்டாங்கக்கா. எப்படி எழுதிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்துருவாங்க. இந்த வகை பாக்கும். பெரியது வேற, சின்னது வேற. முதல் எழுத்தைப் பெருசாப் போட்டு வெச்சுட்டு சின்னதாக் கூப்பிட்டா, அப்படி யாரும் இங்க இல்லைன்னுரும். நேத்து எல்லாம் சின்ன எழுத்தாத்தான் இருந்துது. ராத்திரிக்குள்ள யாரோ..."

யாரோ என்று சொன்னவள் அப்படியே என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாசலில் மாமா, ஃபிளாஸ்க்கில் டீயோடு நின்றிருந்தார்.

"பிழை கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது மாமா. ஒரு எழுத்துதான்."

"எந்த எழுத்து?"

"சின்ன விஷயம் மாமா. நீங்க உக்காருங்க."

அவரை உட்காரவைத்து டீயை வாங்கிக்கொண்டாள். அந்த எழுத்தை மாற்ற எத்தனை நேரம் ஆகும், வாயில் வைத்த டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டாள். தாடைக்காரர் திரும்பி வந்தார், லீடர் அம்மாவும் வந்தார். எல்லாவற்றையும் அழித்து, மறுபடி போட்டு, மறுபடி கட்டினார்கள். வரிகள் ஓடின. நான் என் இடுக்கியைப் பிடித்திருந்த பிடியில் கை வலித்தது. பிறகு ஒரு தாடை திரையில் எழுந்தது, பல் வரிசையோடு, மெதுவாகச் சுற்றியது. எத்தனையோ தாடை பார்த்தவள் நான். அதைப்போல் அழகான தாடையைப் பார்த்ததில்லை.

"சரி, என்ன தப்பு?" என்றார் லீடர் அம்மா.

"ஒரு பெரிய எழுத்து மேடம். கடைசியாத் திருத்தினதுக்கு அப்புறம் மூணாவது வகையில நான் ஓட்டிப் பாக்கலை. என் தப்பு."

"யார் திருத்தினது?"

சின்னவள் மாமாவைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்தாள். நானாவது ஏதாவது சொல்லி மறைக்கலாம் என்று முன்னால் வந்தேன். அதற்குள் மாமா என்னை விலக்கிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றுவிட்டார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

"நான்தான்" என்றார். "சிறப்புப் பெயர்ச்சொல். அதுவும் வரி ஆரம்பத்துல நிக்குது. சின்ன எழுத்துல விட்டா என்ன மரியாதை?"

"சார் யாரு?"

"பிழை திருத்தறவன். இவளுக்கு மாமனார்."

எனக்கு உயிரே இல்லை. வீட்டுக் கிழவர் ஆபீஸ் வேலையில் கைவைத்தார் என்று தெரிந்தால் எந்த லீடர் சும்மா விடுவார்? சின்னவள் அவர் தோளைத் தொட்டு, மெதுவாகத்தான், ஆனால் மழுப்பாமல் சொன்னாள். "மாமா, இதுல வெச்ச பேரை வெச்சபடியே விட்டுறணும். மரியாதைக்குன்னுகூடப் பெரிய எழுத்து போடக் கூடாது. நகல் எடுக்கற ப்ரோகிராம்ல நேத்து நீங்க போட்டதாலதான் நின்னுபோச்சு."

மாமா முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். அச்சகத்தில் எப்படி யோசித்திருப்பாரோ அப்படி.

"பெரிய எழுத்தே கிடையாதா?"

"இந்தப் பேர்ல கிடையாது மாமா."

"அப்ப தமிழ் மாதிரின்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

லீடர் அம்மா சிரித்தே விட்டார். தாடைக்காரர்கூடச் சிரித்தார். லீடர் அம்மா சிரித்து முடித்துக் கேட்டார், "ஏம்மா, இது மத்த ரெண்டு மெஷின்லயும் ஏன் தெரியலை?"

"அதுங்க கண்டுக்காது மேடம். தப்பு இருந்தாலும் சமாளிச்சுக்கிட்டுப் போயிரும். மூணாவதுதான் நின்னு சொல்லும்."

அந்த அம்மா தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் சொன்னார். "தப்பைத் தப்புன்னு சொல்ற மெஷினை நிறுத்திட்டு, சொல்லாத ரெண்டை வெச்சுக்கறதா இருந்தோம். நல்லாத்தான் இருக்கு." அப்புறம் நிமிர்ந்தார். "மூணாவது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நீங்களும் அங்கேயே இருங்க. ஒரே ஒரு நிபந்தனை. சார் படிச்சதுக்கு அப்புறம் மூணுலயும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க."

"சார் படிக்கலாமா மேடம்?" என்றாள்.

"அந்த நாலு வாக்கியம் ரொம்ப நல்லா இருந்துது" என்றார்.

திரை அணைந்தது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "பல்லுத் தூள் பட்டுருச்சு" என்றேன். அன்று காலையிலிருந்து நான் ஒரு பல்லைக்கூட ராவவில்லை, லேபைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தேன். சின்னவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ போயிருந்தா நான் செத்தே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்தானே, ஒரு தடவை திறந்தால் நிற்காது. "சரிக்கா" என்றாள். "பாக்கலாம்க்கா" சேர்க்கவில்லை.

மறுநாள் காலையில் என் கத்தரிக்கோலைக் காணோம். எதிர்வீட்டுக்குப் போனேன். சின்னவள் அடுக்களையில் இருந்தாள், மாமா சட்டை மாட்டிக்கொண்டு அத்தை முன்னால் உட்கார்ந்திருந்தார். கறுப்பு மெஷினின் நெற்றியில் புதுச் சீட்டு ஒன்று இருந்தது. என் கத்தரிக்கோலால்தான் வெட்டியிருக்கிறாள், ஓரமெல்லாம் கோணல். கிட்டத்தில் போய்ப் படித்தேன். 'பெரியவ' என்று எழுதியிருந்தது.

"ஏய், இங்க வா" என்று கத்தினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஓடுவதற்குத் தயாராக வாசல்படியிலேயே நின்றாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பெரியது எது, சின்னது எதுன்னு கரெக்டாப் பாக்கும். தப்பு இருந்தா முகத்துக்கு நேரா சத்தம் போட்டுச் சொல்லிரும். சரி பண்ணிட்டா அடுத்த நிமிஷம் ஓட ஆரம்பிச்சிரும், மனசுல எதையும் வெச்சுக்காது. அதனாலதான் அதை மட்டும் நிறுத்த விடலை."

"ஒட்டறதையாவது ஒழுங்கா ஒட்ட மாட்டியா?" என்று சொல்லி, சீட்டை மெதுவாகப் பிய்த்து நேராக ஒட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், பொடி எழுத்தில், மாமா ஏற்கனவே ஒரு 'ள்' சேர்த்திருந்தார்.